விசிலுக்குப் பின்னால் உள்ள படிப்பு

உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சி, உளவியல் ஆகிய மூன்றும் இன்று கல்லூரிகளில் தனித்தனிப் படிப்புகள். முதல் இரண்டும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவதற்கு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பானவர். வேகமாக ஓடும் பிள்ளையும், உடல் பருத்த பிள்ளையும், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையும் அவருக்கு மாணவர்களே. பயிற்றுநரின் எல்லை குறுகியது, ஆனால் ஆழமானது: தேர்ந்தெடுத்த சிலரை ஒரே ஆட்டத்தில் பழக்கி, போட்டி நாளன்று முழுத் திறனோடு களமிறக்க வேண்டும். இந்த இருவரும் அன்றாடம் சந்திக்கும் கேள்விகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்ப்பது உளவியல். ஓர் அசைவை மனிதர் எப்படிக் கற்கிறார், கற்றது நெருக்கடியில் ஏன் கைவிட்டுப் போகிறது, ஒரு சிறுமி ஏன் திடீரென்று மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள் என்பவை அந்தக் கேள்விகள்.

உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் முதலில் ஐரோப்பாவில் தோன்றின. பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய கழகம் அவற்றில் புகழ்பெற்றது. வரிசையில் நின்று, கட்டளைக்கேற்பக் கைகால்களை அசைக்கும் பயிற்சி அங்கிருந்து பல நாடுகளுக்கும் போனது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1861-இல் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவரிடம் உடல்நலம், உடற்கல்வி இரண்டையும் ஒப்படைத்தது. மாணவர்களின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றை அவர் அளந்து பதிவுசெய்துவந்தார். அக்காலத்து உடற்கல்வி மருத்துவத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. உடலை அளந்தார்கள், திருத்தினார்கள். பயிற்சி செய்பவருக்கு அது பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அநேகமாக எழவில்லை.

அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாமல் செய்தது ஒரு குளிர்காலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில், 1891-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஒரு வகுப்பு எந்த ஆசிரியருக்கும் கட்டுப்படவில்லை. மற்ற பருவங்களில் வெளியே அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் ஆடிய இளைஞர்களுக்குக் கூரைக்குள் செய்யும் டிரில் கசந்தது. பொறுப்பில் இருந்த லூதர் குலிக் அந்த வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் புதிதாக ஓர் ஆட்டம் வேண்டும் என்றார்.

நெய்ஸ்மித் அந்த ஆட்டத்தை உருவாக்கிய முறை ஒவ்வொரு உடற்கல்வி மாணவரும் படித்துப் பார்க்க வேண்டியது. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட விட்டால் எதிரணியினர் மறித்து வீழ்த்துவார்கள், அடிபடும். ஆகவே பந்தோடு ஓடக் கூடாது என்று வைத்தார். இலக்கு நேர் எதிரே இருந்தால் பலம் கொண்ட மட்டும் எறிவார்கள். தலைக்கு மேலே படுக்கைவாட்டில் வைத்தால் பந்தை வளைத்து நிதானமாகத்தான் போட முடியும். அங்கே முரட்டு பலத்துக்குப் பயனில்லை. உடற்பயிற்சிக்கூடத்தின் மேல்மாடத்தில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில், பீச் பழக் கூடைகள் இரண்டு அடிக்கப்பட்டன. 13 விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. இருந்த 18 மாணவர்களும் பக்கத்துக்கு 9 பேராகப் பிரிந்து ஆடினார்கள். கூடைப்பந்து இப்படித்தான் பிறந்தது. ஆடுபவருக்கு அந்த நொடியில் என்ன செய்யத் தோன்றும் என்ற கணிப்பே இந்த விதிகளுக்கு அடிப்படை. குலிக் தம் மாணவர்களுக்கு உளவியல் வகுப்பும் நடத்தியவர். அந்த வகுப்பில் நடந்த பேச்சுகளின் தொடர்ச்சியாகவே இந்த முயற்சி அமைந்தது.

நெய்ஸ்மித் 1898-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆட்டத்தை அவர் கல்வியின் ஒரு பகுதியாகவே பார்த்தார். வெற்றிக் கணக்கில் அவருக்கு நாட்டமில்லை. அங்குள்ள அணியை அவர் நடத்திய ஆண்டுகளில் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவை அதிகம். அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் பயிற்றுநர் வேலைக்குப் போவதாகச் சொன்னபோது, கூடைப்பந்து ஆடுவதற்குரியது, பயிற்றுவிப்பதற்குரியது அன்று என்று நெய்ஸ்மித் சொன்னதாகக் கதை உண்டு. ஆலன் போகத்தான் செய்தார். கன்சாஸ் அணிக்கே பல பத்தாண்டுகள் பயிற்றுநராக இருந்து, அந்த வேலையை மதிப்புமிக்க தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரானார். உடற்கல்விக்கும் போட்டிப் பயிற்சிக்கும் நடுவே நடக்கும் இழுபறி இந்த இருவரோடு முடிந்துவிடவில்லை. பள்ளி அணி கோப்பை வாங்க வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கும்போது, மீதிப் பிள்ளைகளின் உடற்கல்வி நேரம்தான் முதலில் கரைகிறது.

உளவியல் ஆய்வாளர்களின் பார்வை விளையாட்டின் பக்கம் திரும்பியதும் இதே காலத்தில்தான். இந்தியானா பல்கலைக்கழகத்தின் நார்மன் டிரிப்லெட் 1898-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிடும்போது வேகமாக ஓட்டுவதைப் பதிவேடுகளில் கண்ட அவர், 40 குழந்தைகளிடம் தூண்டில் உருளையைச் சுற்றச் சொல்லி அதைச் சோதித்துப் பார்த்தார். போட்டி வைத்தபோது பாதிப் பேர் வேகமாகச் சுற்றினார்கள். 10 குழந்தைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. இன்னும் 10 குழந்தைகள் போட்டியின் பதற்றத்தில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். பாடநூல்கள் முதல் முடிவையே பெரிதாகச் சொல்கின்றன. மைதானத்தில் நிற்கும் ஆசிரியர் மறக்கக் கூடாதது கடைசி 10 குழந்தைகளை. போட்டி எல்லாரையும் ஊக்குவிக்கும் என்ற நம்பிக்கை, அந்தத் துறையின் தொடக்கத்திலேயே பொய்த்துப்போன நம்பிக்கை.

மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் முறையாகச் சந்தித்த இடம் இல்லினாய் பல்கலைக்கழகம். விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கென்று நான்காண்டுப் படிப்பை அது 1919-இல் ஜார்ஜ் ஹஃப் பொறுப்பில் தொடங்கியது. அங்கே உளவியல் கற்பித்த கோல்மன் கிரிஃபித் 1923-இல் உளவியலையும் விளையாட்டையும் இணைத்து ஒரு பாடம் நடத்தினார். 1925-இல் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றையும் நிறுவினார். பயிற்றுநருக்கான உளவியல் பற்றி 1926-இலும், விளையாட்டு வீரர்களின் உளவியல் பற்றி 1928-இலும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. எதிர்வினை நேரம், தசை இறுக்கம், கவனம் ஆகியவற்றை அளக்கக் கருவிகள் செய்தார். 1924-இல் மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற ரெட் கிரேஞ்ச் என்ற வீரரிடம் பேசியபோது, அந்த ஆட்டத்தின் விவரங்கள் அவருக்கே நினைவில் இல்லை என்று தெரிந்தது. நன்கு பழகிய திறமை யோசனையின் உதவியின்றித் தானே இயங்குகிறது என்பதற்கு அது கண்ணெதிரே கிடைத்த சான்று.

கிரிஃபித்தின் ஆய்வுக்கூடம் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே 1932-இல் மூடப்பட்டது. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் 1938-இல் அவரை அழைத்து அணியை ஆராயச் சொன்னார். கிரிஃபித் அளந்தார், படமெடுத்தார், அறிக்கைகள் எழுதினார்; பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி வீணாவதாகவும், பயிற்சி உண்மையான ஆட்டத்தைப் போல அமைய வேண்டும் என்றும் சொன்னார். அணியை நடத்தியவர்கள் அவரை நம்பவில்லை; அறிக்கைகள் பயன்படாமலே போயின. அதற்குப் பிறகு அமெரிக்காவில் இந்தத் துறை ஏறத்தாழ ஒரு தலைமுறை தேங்கியது. சோவியத் ஒன்றியத்தில் மாஸ்கோ, லெனின்கிராட் உடற்கல்விக் கழகங்களில் உளவியல் தொடர்ந்து வளர்ந்தது. 1965-இல் ரோம் நகரில் பன்னாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் உருவான பிறகே உலகம் முழுவதும் இது தனித் துறையாக ஏற்கப்பட்டது.

இந்தியாவுக்கு உடற்கல்விப் படிப்பு வந்தது சென்னை வழியாக. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். அதுவரை பள்ளிகளில் இருந்தவர் பெரும்பாலும் டிரில் மாஸ்டர். படைப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவராகவும் அவர் இருப்பதுண்டு. உடற்கூறும் ஆட்டவிதிகளும் கற்பித்தல் முறையும் படித்த ஆசிரியரை உருவாக்குவது பக்கின் நோக்கம். உள்நாட்டு உடற்பயிற்சிகளுக்கும் அவர் பாடத்தில் இடம் தந்தார். பாரிஸில் 1924-இல் நடந்த ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வலை கட்டி ஆடப்படும் கைப்பந்தும், பள்ளித் திடல்களில் நிற்கும் கூடைப்பந்துக் கம்பங்களும் பரவியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் அங்கே படித்துப் போன ஆசிரியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1957-இல், சிப்பாய்ப் புரட்சியின் நூற்றாண்டில், ஜான்சி ராணி லட்சுமிபாய் உயிர்நீத்த குவாலியரில் அவர் பெயரால் ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளி முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டம் அங்கே வந்தது. பயிற்றுநர்களுக்கென்று பட்டியாலாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் 1961-இல் தேசிய விளையாட்டுக் கழகம் திறக்கப்பட்டது. அங்கே பட்டயம் பெற்றவரை மைதானங்களில் இன்றும் ‘என்.ஐ.எஸ். கோச்’ என்றே சொல்கிறார்கள். ஆசிரியருக்கு ஓரிடம், பயிற்றுநருக்கு வேறிடம் என்ற பிரிவினை இந்தியாவில் இவ்வாறு கட்டடங்களாகவே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், உடற்கல்வி, பயிற்சி, விளையாட்டு உளவியல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது.

பள்ளி ஆசிரியராக விரும்புபவர் ஏதேனும் ஒரு பட்டம் முடித்துப் படிப்பது பி.பி.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த நெறிமுறைகளின்படி அது நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், யோகக் கல்வி, அசைவியல், அளவீடும் மதிப்பீடும், விளையாட்டு மருத்துவம், ஆட்ட நடுவர் பணி என்று பாடங்கள் நீள்கின்றன. விடியற்காலையிலும் மாலையிலும் மைதானம், நடுவில் வகுப்பறை. மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய்க் கற்பித்தல் பயிற்சியும் எடுக்க வேண்டும். ஒரு வகுப்பை எங்கே நிற்க வைப்பது, வெயில் அவர்கள் கண்ணில் படாமல் எப்படித் திருப்புவது, 6 பந்துகளை வைத்து 40 பேரையும் சும்மா நிற்காமல் எப்படி ஆடவைப்பது என்பவை அங்கேதான் பழக்கத்துக்கு வருகின்றன. உளவியலுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் கிடைப்பது சமூகவியலோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு தாள் மட்டுமே. ஆசிரியரின் வேலையில் சரிபாதி மனதோடு நடப்பது என்ற நிலையில், ஒரு தாள் மிகக் குறைவு.

பயிற்றுநர் படிப்பின் மையம் பயிற்சிக் கோட்பாடு. உடல் ஒரு சுமையைச் சந்திக்கும்போது முதலில் தளர்கிறது. போதிய ஓய்வு கிடைத்தால் முன்பைவிடச் சற்று வலுவாக எழுகிறது. ஹான்ஸ் செல்யே 1936-இல் உடல் அழுத்தத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தச் சிந்தனைக்கு உரமூட்டியது. சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960-களில், ஆண்டு முழுவதையும் ஆயத்தக் காலம், போட்டிக் காலம், மீட்புக் காலம் என்று பகுத்துத் திட்டமிடும் முறையை வகுத்தார். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்பதை மாணவர்கள் இங்கே படிக்கிறார்கள். போட்டிக்கு முந்தைய நாள்வரை வீரரை வாட்டி எடுக்கும் பழக்கம், இதைப் படிக்காதவர்களிடமே அதிகம் காணப்படுகிறது.

உளவியல் இளங்கலை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோடுகளைப் பென்சிலால் தொடர்வது. முதல் தடவை கை எங்கெங்கோ போகும். சில முறைகளில் பிழைகள் சரசரவென்று குறையும். பிறகு முன்னேற்றம் மெதுவாகும். வலக் கையில் பழகியது இடக் கைக்கும் ஓரளவு உதவும். புதிதாகப் பந்து வீசக் கற்கும் பிள்ளைக்கும் இதேதான் நடக்கிறது. 1967-இல் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் இதை மூன்று நிலைகளாக விளக்கினார்கள்: முதலில் கற்பவர் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறார், பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன, கடைசியில் யோசனையின்றியே செய்ய முடிகிறது. கிரேஞ்ச் தம் ஆட்டத்தையே நினைவுகூர முடியாமல் போனது இந்த மூன்றாம் நிலையில்தான். முதல் நிலையில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் ஐந்து திருத்தங்கள் சொல்லும் பயிற்றுநர் ஒன்றையும் சொல்லாதவருக்குச் சமம்.

இன்னொரு கண்டுபிடிப்பு பல பயிற்றுநர்களுக்கு முதலில் நம்பும்படி இருப்பதில்லை. இறகுப்பந்தில் மூன்று வகை சர்வீஸ்களைப் பழக வேண்டுமானால், ஒன்றைப் பல தடவை அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே பொதுவான வழக்கம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து அடித்தால் பயிற்சி நேரத்தில் அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக அடித்ததாக 1986-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சியின்போது தெரியும் திறமையும் நிலைத்து நிற்கும் கற்றலும் வேறு வேறு. மிகச் சிறு பிள்ளைகளுக்கும் அரிச்சுவடி நிலையில் இருப்பவர்களுக்கும் இந்த விதி இவ்வளவு தெளிவாகப் பொருந்துவதில்லை என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

பதற்றத்தைப் பற்றிய பாடத்தில் எல்லாப் பாடநூல்களிலும் தலைகீழ் ‘யு’ வடிவ வளைகோடு ஒன்று இருக்கும். மனக் கிளர்ச்சி ஓரளவு ஏறினால் ஆட்டம் மேம்படும், அளவு மீறினால் கெடும் என்று அது சொல்கிறது. அதன் மூலம் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908-இல் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனை. எலியிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்க நிற்கும் வீராங்கனை வரை ஒரே கோட்டை நீட்டுவது சரியில்லை. ஆயினும் ஒரு செய்தி பயனுள்ளது: வேலை எவ்வளவு நுட்பமானதோ, அவ்வளவு குறைந்த கிளர்ச்சியே அதற்கு உகந்தது. எடை தூக்கப் போகிறவரைத் தட்டி எழுப்பலாம். துப்பாக்கி சுடப் போகிறவருக்கு மூச்சை நிதானமாக்கும் பயிற்சியே வேண்டும். தானாக இயங்கும் திறமையைப் பதற்றத்தில் மறுபடி யோசித்து யோசித்துச் செய்யப் போவதால்தான் கைவந்த வித்தையும் தடுமாறுகிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு இந்தத் துறை தந்த மிகப் பெரிய கொடை வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970-களில் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களை மைதானத்திலேயே கவனித்து, அவர்கள் செய்வது ஒவ்வொன்றையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். பிறகு சில மணி நேரமே நீளும் ஒரு வகுப்பு நடத்தினார்கள். நன்றாகச் செய்ததை உடனே பாராட்டுங்கள், தவறு செய்தால் முதலில் தேற்றுங்கள், பிறகு சரியான முறையைச் சொல்லுங்கள், ஒருபோதும் தண்டிக்காதீர்கள். சாரம் இவ்வளவுதான். 1992-இல் வெளியான ஆய்வின்படி, இந்த வகுப்புக்குப் போகாத பயிற்றுநர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதத்தினர் அடுத்த பருவத்தில் ஆட வரவில்லை. வகுப்புக்குப் போனவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம். இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கில் வேறுபாடு இல்லை. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்த பிள்ளைகளே இதனால் அதிகம் பயனடைந்தார்கள் என்பது இவர்களுடைய ஆய்வுகளின் இன்னொரு முடிவு. தாமதமாக வந்தவனை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவது நம் பள்ளிகளில் ஒழுங்கின் அடையாளமாகவே கருதப்படுகிறது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்றுக்கொண்ட பிள்ளை, பள்ளியை விட்ட பிறகு விரும்பி ஓடப் போவதில்லை. அந்த சில மணி நேர வகுப்பைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியருக்கும் நடத்தப் பெரிய செலவு பிடிக்காது.

விளையாட்டு உளவியலாளர் என்ற பெயரில் யார் வேலை செய்யலாம் என்பதில் குழப்பம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன் 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். 2024-இல் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டம் வென்ற சென்னையின் குகேஷுக்கும் உறுதுணையாக இருந்தார். அவர் தம் நாட்டுக் கிரிக்கெட் அணியின் உடல்திறன் பயிற்சியாளராகத் தொடங்கியவர். மனவலிமைப் பயிற்சியாளர் என்றே அறியப்படுகிறார். கவனம், தன்னம்பிக்கை, போட்டிக்கான ஆயத்தம் ஆகியவற்றை இத்தகையவர் நன்றாகவே கற்பிக்க முடியும். மனச்சோர்வு, உணவு உண்பதில் கோளாறு, தற்கொலை எண்ணம் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு மருத்துவ உளவியல் பயின்று இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரோ மனநல மருத்துவரோ வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் நடுவில் விலகியபோது, காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனதாகச் சொன்னார். அந்த நிலையில் ஊக்கப் பேச்சு ஆபத்தானது. எங்கே தம் வேலை முடிகிறது, எங்கே இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பயிற்றுநர் படிப்பிலேயே சொல்லிக்கொடுப்பது அவசியம்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் தாம் யாரோடு பொழுதைக் கழிக்க விரும்புகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு என்றால் பி.பி.எட்.; மேற்கொண்டு எம்.பி.எட். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முதுகலையும் தகுதித் தேர்வும் மட்டும் போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி 12 நிமிட ஓட்டத்தில் 30 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 1800 மீட்டரும் பெண்கள் 1000 மீட்டரும் கடக்க வேண்டும். வயது ஏற ஏற இந்தத் தூரம் குறைகிறது. ஒரே ஆட்டத்தில் ஊறியவர், அதில் ஆடிய அனுபவமும் உள்ளவர் பட்டியாலாப் பட்டயத்தை நாடலாம். அதே நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பு தொடக்கநிலைப் பயிற்றுநர்களுக்கானது. உளவியலில் இளங்கலை முடித்து விளையாட்டுப் பக்கம் வர நினைப்பவர் முதுகலையில் விளையாட்டு உளவியலை எடுப்பதோடு, ஏதேனும் ஓர் அணியோடு ஒரு பருவம் முழுவதும் இருந்து பார்ப்பது நல்லது. அதிகாலைப் பயிற்சிக்கும், தோற்றுத் திரும்பும் பேருந்துப் பயணத்துக்கும் கூட இருந்தவரிடம்தான் வீரர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.